தர்ஸ்டன் இழை: கண்ணுக்குத் தெரிந்தால் போதுமா, எழுதியும் காட்ட வேண்டுமா?

கோணல்_மாணல்:
ரஷ்யக் கணிதவியலாளர் பெரல்மான் பத்து லட்சம் டாலர் பரிசை வேண்டாம் என்று சொன்ன கதை மாதம் ஒருமுறையாவது வாட்ஸப்பில் சுற்றி வந்துவிடுகிறது. ஆனால் அவர் முடித்துக் கொடுத்தது பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவான்கரேயின் பழைய கேள்வியை மட்டும் இல்லை, அதைத் தனக்குள் ஒரு சின்ன மூலையில் வைத்திருக்கும் இன்னொரு பெரிய அனுமானத்தையும்தான். அந்தப் பெரியதை எழுதியவர் வில்லியம் தர்ஸ்டன். அமெரிக்கர், 1946 அக்டோபர் 30 அன்று வாஷிங்டனில் பிறந்தவர். அவரைப் பற்றிப் பேச ஓர் இழை இருக்கட்டுமே என்று ஆரம்பிக்கிறேன்.

என்னை இழுத்தது அவருடைய கண். பிறவியிலேயே மாறுகண், இரண்டு கண்ணும் ஒரே இடத்தில் குவியாது. அதனால் இது கிட்டே, அது தூரத்தில் என்று நமக்கெல்லாம் சும்மா கிடைக்கிற ஆழம் அவருக்குச் சும்மா கிடைக்கவில்லை. இரண்டு வயதிலிருந்தே அம்மா வண்ண வண்ண வடிவங்கள் உள்ள புத்தகங்களைக் காட்டிக் காட்டிப் பழக்கியிருக்கிறார். ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் பையன், இனி தினமும் மனசுக்குள் உருவங்களைப் பார்த்துப் பழக வேண்டும் என்று தானே முடிவெடுத்தானாம். ஒன்றாம் வகுப்பில் நான் எடுத்த ஒரே முடிவு பள்ளிக்கூடம் போவதில்லை என்பது, அதுவும் அரைநாள்கூடத் தாங்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தான் பார்த்ததில் பெரும்பகுதியை முறையாக எழுதவே இல்லை என்று அவர் மீது ஒரு குற்றச்சாட்டு உண்டாமே? நான் பி.காம்., கணிதக்காரன் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு_வாத்தியார்:
நல்ல இழை தம்பி. முப்பது வருஷம் கல்லூரியில் கணிதம் நடத்திவிட்டு இப்போது பேத்திக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அவர் பேர் வாங்கியது ஃபோலியேஷன் என்ற துறையில். வாழைத்தண்டை உரித்தால் பட்டை பட்டையாக வருகிறது இல்லையா, அதுபோல ஒரு வெளி முழுவதையும் ஏடு ஏடாகப் பிரிப்பது. எங்கேயும் இரண்டு ஏடு முட்டிக்கொள்ளக் கூடாது, எந்தப் புள்ளியும் ஏட்டில் சேராமல் நிற்கக் கூடாது. வெங்காயம் பார்த்தால் சரியாக வருவதுபோல்தான் இருக்கும், ஆனால் உள்ளே போகப்போக ஏடு சுருங்கி நடுவில் ஒரு புள்ளியாகிவிடுகிறது, அங்கே மாட்டிக்கொள்வோம். எந்தெந்த வெளியை இப்படி ஏடாக்கலாம், எதை முடியாது என்பதுதான் கேள்வி. ஆய்லர் எண் (வெளியைத் துண்டுகளாக்கி எண்ணினால் கிடைக்கும் ஒரு எண்) பூஜ்யமாக இல்லாவிட்டால் நிச்சயம் முடியாது என்று முன்னமே தெரியும். பூஜ்யமாக இருந்தால்? இருந்தால் போதும், எல்லைக்கோடு இல்லாத, எங்கும் ஓடிப்போகாத எந்த வெளியையும் ஏடாக்கலாம் என்று தர்ஸ்டன் காட்டிவிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 1972இல் பெர்க்லியில் மோரிஸ் ஹிர்ஷிடம் டாக்டர் பட்டம், அப்புறம் ஒரு வருஷம் பிரின்ஸ்டனில் உயராய்வு நிறுவனத்தில், ஒரு வருஷம் எம்.ஐ.டி.யில், 1974இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முழுப் பேராசிரியர். இருபத்தேழு வயது!

அதற்கு அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இவர் ஒன்றன் பின் ஒன்றாக முடித்துத் தள்ளிக்கொண்டே போக, இரண்டு மூன்று வருஷத்தில் அந்தத் துறையை விட்டே ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். தர்ஸ்டன் எல்லாவற்றையும் வழித்து எடுத்துக்கொண்டிருக்கிறார், அந்தப் பக்கம் போகாதே என்று மாணவர்களுக்குப் புத்தி சொன்னவர்களும் உண்டு. இதை நான் சொல்லவில்லை, 1994இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவரே சொல்கிறார், கொஞ்சம் வருத்தத்தோடு. நீ அந்தத் துறையையே கொன்றுகொண்டிருக்கிறாய் என்று அவரிடமே சொன்னார்களாம், குறையாக இல்லை, பாராட்டாக.

குறுக்குச்சால்:
வாத்தியார் சார், மரியாதையோடு ஒரு மாற்றுக்கருத்து. ஃபோலியேஷனில் எழுதினார், ஆட்கள் ஓடினார்கள், சரி. அதற்கு அப்புறம் முப்பரிமாண வெளிகளுக்கு வந்தபோது என்ன செய்தார்? ஹாக்கன் வெளிகள் என்று ஒரு பெரிய குடும்பம், அவற்றில் வெட்டிப் பிரிக்க ஏதுவான வடை வடிவப் பரப்புகள் இல்லாதவற்றுக்கெல்லாம் ஹைப்பர்போலிக் வடிவம் (எங்கும் அலையாக விரிகிற ஒருவகை வளைவு) உண்டு என்று அறிவித்தார். தொடராக எழுதுகிறேன் என்று ஆரம்பித்து முதல் பகுதி 1986இல் இதழில் வந்தது, மீதி கையெழுத்துப்படியாகவே சுற்றிக்கொண்டிருந்தது. மார்கன், மெக்மல்லன், ஓடால், கபோவிச் என்று மற்றவர்கள்தான் உட்கார்ந்து வருஷக்கணக்கில் ஓட்டைகளை அடைத்துப் புத்தகமாக்கினார்கள். ஆர்பிஃபோல்டு (சமச்சீரால் மடித்த வெளி) தேற்றமும் அதே கதைதான், எண்பதுகளின் தொடக்கத்தில் அறிவிப்பு, முழு நிரூபணம் 2000 வாக்கில், அதுவும் வேறு ஆட்கள் கையால்.

1993இல் ஜாஃபி, குவின் என்ற இரண்டு பேர் எழுதிய கட்டுரையில் இவரைப் பேர் சொல்லியே கேட்டார்கள். ஒருவர் நிரூபித்துவிட்டேன் என்று அறிவித்துவிட்டால் புகழ் அவருக்குப் போய்விடுகிறது, அதே இடத்தில் வேறு யாராவது முழு நிரூபணம் எழுதினால் ஏற்கெனவே தெரிந்ததுதானே என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள், ஆக அந்த நிலம் தரிசாகவே கிடக்கிறது என்று. நான் கட்டுமானத் துறையில் இருக்கிறேன். பிளான் போட்டவர் சம்பளம் வாங்கிக்கொண்டு போய்விடுவார், பீம் ஏன் இறங்குகிறது என்று பதில் சொல்ல நான்தான் வெயிலில் நிற்க வேண்டும். எனக்குக் கோபம் வருவது இயல்பு.

மூணாவது_வருஷம்:
குறுக்குச்சால் அண்ணா, ஜாஃபி, குவின் கட்டுரைக்குப் பதிலாகத்தான் வாத்தியார் சொன்ன அந்த 1994 கட்டுரையே வந்தது. அதில் அவர் சொல்வதை உங்கள் பாணியிலேயே சொல்கிறேன். ஃபோலியேஷனில் முழுக் கட்டடத்தையும் தானே கட்டிப் பூட்டிச் சாவியைக் கொடுத்தார், யாரும் குடிவரவில்லை. தேற்றம் வெளியே கிடந்தது, ஆனால் அந்தத் தேற்றத்தை யோசிக்கும் விதம் அவர் தலைக்குள் மட்டும் இருந்தது, தாளில் இருந்ததைப் படித்து யாரும் அதை எட்ட முடியவில்லை. ஆட்களுக்கு வேண்டியது விடைகளின் பட்டியல் இல்லை, புரிவதுதான் என்று அப்போது உறைத்ததாம். அதனால் அடுத்த தடவை, முப்பரிமாண வெளிகளில், வேண்டுமென்றே வேறு மாதிரி செய்தார். முதலில் பாஷையைக் கற்றுக்கொடுத்தார், ஆட்களைச் சேர்த்தார், நிரூபணத்தின் சில பகுதிகளை மற்றவர்கள் எழுத இடம் விட்டார்.

நான் டோபாலஜியில், அதாவது இழுத்து நெளித்தாலும் மாறாத வடிவக் குணங்களை ஆராயும் கணிதத்தில், பி.எச்.டி. மூன்றாவது வருஷம், வழிகாட்டி என்னைப் பார்த்தாலே பெருமூச்சு விடுகிறார், அது வேறு கதை. 1978இலிருந்து 1980 வரை பிரின்ஸ்டனில் அவர் எடுத்த பாடத்தின் குறிப்புகள்தான் எங்களுக்கு இன்றும் வேதம். தட்டச்சு செய்து, படங்களைக் கையால் வரைந்து, நகலெடுத்துத் தபாலில் உலகம் முழுக்க அனுப்பினார்கள். ஒரு பக்கத்தில் மூன்று வரி இருக்கும், கீழே ஒரு படம் இருக்கும், அந்தப் படத்தோடு ஒரு வாரம் உட்கார வேண்டும். ஏழாவது நாள் திடீரென்று தெரியும். தெரிந்த பிறகு அந்த மூன்று வரியில் ஒரு வார்த்தைகூடக் குறையில்லை என்பதும் தெரியும், அதுதான் எரிச்சல்.

கோணல்_மாணல்:
தம்பி, அந்தப் படத்தில் ஒன்றையாவது எங்களுக்குச் சொல்லேன். பி.காம். தாங்குகிற அளவுக்கு.

மூணாவது_வருஷம்:
முயற்சி செய்கிறேன். ஒரு கயிற்றை எட்டு வடிவத்தில் முடிச்சுப் போட்டு, இரண்டு நுனியையும் ஒட்டிவிடுங்கள். மலை ஏறுகிறவர்கள் போடுகிற அதே எட்டு முடிச்சு. இப்போது கயிற்றை மறந்துவிடுங்கள். கயிறு இல்லாத மீதி இடம் முழுக்க, அதாவது அந்த முடிச்சைச் சுற்றி இருக்கும் வெளி, அதுதான் நாங்கள் பார்க்கும் பொருள். பார்த்தால் கொச கொச என்று இருக்கும். ஆனால் அதை இரண்டே இரண்டு நான்முகிகளாகப் பிரித்துவிடலாம், நாலு முக்கோண முகம் உள்ள பிரமிடு மாதிரி இரண்டு. முகத்தோடு முகம் சரியான விதத்தில் ஒட்டினால் முடிச்சின் வெளி கிடைத்துவிடும். ஒரே ஒரு நிபந்தனை, நான்முகிகளின் மூலைகள் எல்லாம் முடிவிலிக்குப் போய்விட வேண்டும், ஏனென்றால் கயிறு இருந்த இடம் அதுதான். அந்த நான்முகிகள் நம் வீட்டு ஜியோமெட்ரியில் பொருந்தாது, ஹைப்பர்போலிக் ஜியோமெட்ரியில் கனகச்சிதமாகப் பொருந்தும். பொருந்தியதும் அந்த வெளிக்கு ஒரு கன அளவே வந்துவிடுகிறது, 2.0298 என்று போகும். ஒரு முடிச்சுக்குக் கன அளவு! கயிற்றை எப்படி இழுத்தாலும் நெளித்தாலும் அந்த எண் மாறாது.

எட்டு முடிச்சின் வெளி ஹைப்பர்போலிக் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் ராபர்ட் ரைலி, அதையும் சொல்லிவிட வேண்டும். தர்ஸ்டன் அதோடு நிற்கவில்லை. முடிச்சைச் சுற்றி ஒரு குழாயை வெட்டி எடுத்து, வேறு விதமாகத் திருகித் திரும்ப ஒட்டினால் புதுப் புது வெளிகள் கிடைக்கும், எண்ணற்ற வழிகளில் ஒட்டலாம். எட்டு முடிச்சில் அப்படி ஒட்டுவதில் 10 வழிகளைத் தவிர மற்ற எல்லாமே ஹைப்பர்போலிக். எந்த ஹைப்பர்போலிக் முடிச்சை எடுத்தாலும் இதுதான் நிலைமை, விதிவிலக்கு எண்ணி முடிக்கிற அளவுக்குத்தான் இருக்கும். அதுவரை அபூர்வம் என்று நினைத்திருந்த ஒன்று எங்கே பார்த்தாலும் கிடக்கிறது என்று ஆகிவிட்டது.

பாபின்_நூல்:
இந்த இழையை என் மகன் காட்டினான், அம்மா உன் விஷயம் பேசுகிறார்கள் என்று. தர்ஸ்டனின் அம்மா தையலில் கைதேர்ந்தவர் என்று இங்கே யாரும் சொல்லவில்லையே. நான் பத்தொன்பது வருஷமாகத் துணி தைக்கிறேன், ஹைப்பர்போலிக் என்றால் பயப்பட ஒன்றுமே இல்லை. குழந்தைப் பாவாடைக்கு ஃபிரில் வைக்கிறோம் அல்லவா, அதுதான். சுற்றளவு இருபது அங்குலம் தேவைப்படுகிற இடத்தில் நாற்பது அங்குலத் துணியைச் சுருக்கி வைத்தால் அது தட்டையாக உட்காராது, அலை அலையாக எழும்பும். துணி தேவையைவிட மிச்சம் ஆகிவிட்டது. ஆரஞ்சுத் தோலில் இதற்கு நேர் எதிர், மேஜையில் வைத்து அமுக்கினால் கிழிகிறது, ஏனென்றால் தட்டையாவதற்குத் தேவையான அளவு தோல் அங்கே இல்லை. ஜாக்கெட்டுக்கு டார்ட் பிடிப்பதும் அதற்குத்தான், துணியைக் குறைத்தால் குவியும். கூட்டினால் அலையும், குறைத்தால் குவியும், சரியாக இருந்தால் படியும். மூன்று ஜியோமெட்ரியும் முடிந்தது.

நேற்று ராத்திரி ஒரே அளவு முக்கோணத் துண்டுகளாகக் காடாத் துணியில் வெட்டி ஒரு மூலையில் ஏழு ஏழாகச் சேர்த்துத் தைத்துப் பார்த்தேன். ஆறு சேர்த்தால் தட்டை, ஐந்து என்றால் கிண்ணம், ஏழு என்றால் முட்டைக்கோஸ் இலை ஓரம் மாதிரி நெளிகிறது. மூன்று சுற்று தைப்பதற்குள் மெஷின் காலடியில் துணி நுழையவே மாட்டேன் என்றது, மீதியைக் கையால்தான் தைத்தேன்.

ஓய்வு_வாத்தியார்:
அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவியிடம் போய் டார்ட் என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டு வந்தேன், முப்பது வருஷம் வீணாகப் போயிற்று. நீங்கள் செய்தது ஏறக்குறைய அவர் செய்ததுதான். காகிதத்தில் வளைந்த பட்டைகளை வெட்டி, ஒன்றின் உள்விளிம்பை அடுத்ததன் வெளிவிளிம்போடு ஒட்டி ஹைப்பர்போலிக் தளத்தைக் கையில் பிடித்துக் காட்டுவார். அந்தக் காகித மாதிரியை அவரிடம் கற்றுக்கொண்டவர் டேவிட் ஹெண்டர்சன். அதைப் பார்த்துவிட்டு, காகிதம் கிழிந்துபோகிறதே, குரோஷா ஊசியால் பின்னினால் என்ன என்று 1997இல் பின்னிக் காட்டியவர் கார்னெல்லில் இருந்த டைனா டைமினா.

துணி என்றதும் இன்னொன்று. 2010 மார்ச்சில் பாரிஸ் ஃபேஷன் வாரத்தில் இசே மியாகே நிறுவனத்தின் தொகுப்பு இவருடைய எட்டு ஜியோமெட்ரிகளை வைத்து வடிவமைத்தது. வடிவமைப்பாளர் டாய் ஃபுஜிவாரா தர்ஸ்டனுக்கு எழுதிக் கேட்க, இவரும் கைகோத்துக்கொண்டார். டோபாலஜிக்காரர் ஒருவர் ஃபேஷன் ஷோவில் போய் உட்கார்ந்தார் என்றால் எங்கள் டிபார்ட்மெண்ட்டில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நாங்கள் எல்லாம் முழுக்கைச் சட்டையின் பட்டனை மாற்றிப் போடுகிற கூட்டம்.

குறுக்குச்சால்:
எட்டு என்ன எட்டு? அதை யாராவது சொன்னால் என் கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.

ஓய்வு_வாத்தியார்:
சொல்கிறேன். இருபரிமாணத்தில் கதை சுலபம். பந்து, வடை, இரண்டு ஓட்டை உள்ள வடை, மூன்று ஓட்டை என்று பரப்புகளை வரிசையாக அடுக்கிவிடலாம். பந்துக்குக் குவியும் ஜியோமெட்ரி, ஒரு ஓட்டை வடைக்குத் தட்டை, மற்ற எல்லாவற்றுக்கும் ஹைப்பர்போலிக். அம்மா சொன்ன அதே மூன்று. முப்பரிமாணத்தில் இப்படி ஒரு ஒழுங்கு இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, காடு மாதிரி கிடந்தது. தர்ஸ்டன் 1982இல் வெளியான கட்டுரையில் சொன்னார்: எந்த முப்பரிமாண வெளியையும் முதலில் பந்துப் பரப்புகள் வழியாகவும், பிறகு வடைப் பரப்புகள் வழியாகவும் வெட்டினால் கிடைக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் எட்டு ஜியோமெட்ரிகளில் ஏதாவது ஒன்று பொருந்தும். எட்டுக்கு மேல் இல்லை. அதில் ஏழு ஓரளவு அடங்கிய பிள்ளைகள், ஹைப்பர்போலிக் ஒன்றுதான் அடங்காதது, உலகத்தில் உள்ள வகைகளில் பெரும்பாலானவை அதற்குள்தான்.

புவான்கரே 1904இல் கேட்டது இதன் ஒரு சின்னத் துண்டு. பெரல்மான் 2002, 2003இல் இணையத்தில் ஏற்றிய தாள்கள் முழு அனுமானத்தையும் சேர்த்தே முடித்தன. அவர் போனது ஹாமில்டன் தொடங்கி வைத்த, வளைவைப் படிப்படியாகச் சீராக்கும் ரிச்சி ஓட்டம் என்ற வழி, தர்ஸ்டனுடைய வழியே இல்லை. 2010 ஜூனில் பாரிஸில், அந்தப் பத்து லட்சம் டாலரை அறிவித்த கிளே நிறுவனம் இதற்காக ஒரு கூட்டம் போட்டபோது தர்ஸ்டன் பேசினார். பெரல்மான் வரவில்லை. பணத்தையும் மேடையையும் ஏன் ஒதுக்குகிறார் என்று பலர் குழம்பினாலும் தனக்கு அது புரிகிறது, அந்த மன உறுதி மீது மதிப்புதான் என்று பேசினார். தன் அனுமானத்தை வேறொருவர் வேறு வழியில் முடித்தபோது முகம் சுளிக்காத ஆள்.

குறுக்குச்சால்:
சரி, முகம் சுளிக்காதது பெரிய மனசுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பாருங்கள், பெரல்மானும் சுருக்கமாகத்தான் எழுதினார், மற்றவர்கள் நூற்றுக்கணக்கான பக்கம் விரித்து எழுதிச் சரிபார்த்தார்கள். ஆனால் அவர் தாளில் சாரம் முழுக்க இருந்தது. தர்ஸ்டனிடம் சாரம் கேட்கப் போனால் நேரில் போய் உட்கார வேண்டும், பிரின்ஸ்டனில் இல்லாதவன் என்ன செய்வான்? நம் ஊர் சின்னக் கல்லூரியில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு 1980இல் அந்த நகல் கிடைத்திருக்குமா?

மூணாவது_வருஷம்:
அது நியாயமான கேள்வி அண்ணா, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரே துறை ஆட்கள் நேரில் பேசினால் சில நிமிஷத்தில் புரிவது, சொற்பொழிவாக நடத்தினால் ஒரு மணிநேரம் எடுக்கும், தாளில் படித்தால் சில மணிநேரமோ சில நாளோ ஆகும் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் நேரில் போய் உட்கார்ந்தவர்கள் பட்டியலைப் பாருங்கள்: கபாய், கெர்க்காஃப், மின்ஸ்கி, கானரி, ஓடட் ஷ்ராம், கால்டர்பாங்க் இல்லை மன்னிக்கவும் காலெகாரி, ஃபார்ப், ஜெஃப் வீக்ஸ். வீக்ஸ் செய்த ஸ்னாப்பீ என்ற நிரல்தான் இன்றைக்கு நான் என் லேப்டாப்பில் முடிச்சை மௌஸால் வரைந்தால் கன அளவைச் சொல்லிவிடுகிறது. பிரின்ஸ்டனில் இல்லாதவனுக்கு அந்த வழியாகக் கொஞ்சம் வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

மண்சாலை_77:
கணிதம் தெரியாது, சைக்கிள் தெரியும். 1991 கோடையில் மினியாபொலிஸில் தர்ஸ்டன், கான்வே, பீட்டர் டாயில், ஜேன் கில்மன் நாலு பேரும் சேர்ந்து ஒரு பாடம் நடத்தியிருக்கிறார்கள், காய்கறித் தோலை உரித்து வளைவு பார்ப்பது, டார்ச் லைட் என்று ஒரே கூத்து. அதில் ஒரு கேள்வி: சேற்றில் சைக்கிள் போன தடம் கிடக்கிறது, எந்தப் பக்கம் போனது? ஷெர்லாக் ஹோம்ஸ் பாணிப் புதிர். யோசித்து வையுங்கள், விடையை நாளைக்குப் போடுகிறேன், எங்கள் தெருவில் மழை பெய்து ஈரம் காயாமல் இருக்கிறது, முதலில் ஓட்டிப் பார்த்துவிடுகிறேன்.

கோணல்_மாணல்:
இந்த ஆளுக்கு வேறு என்ன கதை இருக்கிறது? கல்லூரிக் காலம்?

ஓய்வு_வாத்தியார்:
ஃபுளோரிடாவில் நியூ காலேஜ் என்று அப்போதுதான் தொடங்கிய சின்னக் கல்லூரி, அதன் முதல் அணியில் ஒருவர், 1967இல் பட்டம். கொஞ்ச காலம் பக்கத்துக் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கினாராம்.

பெர்க்லி கதை கணிதவியலாளர் டென்னிஸ் சல்லிவன் சொன்னது. 1971 டிசம்பர், அங்கே ஒரு கருத்தரங்கு. தளத்தில் புள்ளிகளை நகர்த்துவது பற்றி யாரோ ஒருவர் நிரூபணம் சொல்லிக்கொண்டிருக்க, பின்வரிசையில் இருந்து நீள முடியும் தாடியுமாக ஒரு மாணவர் எழுந்து, இது வேலைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் பலகையில் ஒரு வளைகோட்டைச் சுற்றிச் சுற்றி வரைந்து காட்டினாராம். அதைப் பார்த்து அசந்துபோன சல்லிவனும் அவருமாகச் சேர்ந்து அப்புறம் கணிதத் துறை நடைபாதைச் சுவரில் பெயிண்ட் எடுத்து அந்த மாதிரி ஒரு வளைகோட்டைப் பெரிதாகத் தீட்டிவிட்டார்கள். பல வருஷம் அந்தச் சுவரிலேயே இருந்தது. அந்தக் கோட்டில்தான் பின்னாளில் 1976 வாக்கில் வந்த பரப்பு உருமாற்றங்களின் வகைப்பாடு ஒளிந்திருக்கிறது. மாவைத் திரும்பத் திரும்ப இழுத்து மடிக்கிற பரோட்டா மாஸ்டர் செய்கிற வேலை, ஒரு திசையில் நீளும், இன்னொன்றில் சுருங்கும். அந்த வகை உருமாற்றத்துக்குப் பேர்தான் சூடோ-அனோசவ்.

மூணாவது_வருஷம்:
கணிதத்தின் பெரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் அவருக்கு 1982க்கானது. போலந்தில் ராணுவச் சட்டம் அமலில் இருந்ததால் வார்சா மாநாடு ஒரு வருஷம் தள்ளி 1983இல் நடந்தது. அப்புறம் ராணுவத்தின் பணத்தில் கணித ஆராய்ச்சி நடக்கக் கூடாது என்று எண்பதுகளில் வெளிப்படையாகவே எழுதினார். 1992இலிருந்து 97 வரை பெர்க்லியில் எம்.எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர், பிறகு டேவிஸ், 2003இலிருந்து கார்னெல்.

பந்தை உள்ளே வெளியே திருப்புகிற வீடியோ பார்த்திருக்கிறீர்களா? கிழிக்காமல், கூர்மையாக மடிக்காமல், ஆனால் தன்னைத்தானே ஊடுருவலாம் என்ற விதியோடு பந்தை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்ப முடியும் என்று கணிதவியலாளர் ஸ்மேல் ஐம்பதுகளிலேயே நிரூபித்துவிட்டார். முடியும் என்று தெரியும், எப்படி என்று பார்க்கத்தான் அப்போது முடியவில்லை. தர்ஸ்டன் கண்டுபிடித்த வழியை 1994இல் படமாகவே எடுத்தார்கள். பந்துக்கு ஃபிரில் வைத்துவிடுகிறார், பாபின்_நூல் அக்கா! நெளிவு நெளிவாக அலை வைத்ததும் துணிக்கு இளக்கம் கிடைக்கிறது, அப்புறம் துருவங்களைத் தள்ளித் திருகினால் வழுக்கிக்கொண்டு திரும்பிவிடுகிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் சொந்த விஷயம். போன வருஷம் பாதியில் விட்டுவிடலாம் என்று இருந்தேன். இரண்டு வருஷம் போட்ட ஒரு வழி தப்பு என்று தெரிந்த ராத்திரி அது. 2010இல் ஓர் இணையதளத்தில் யாரோ ஒரு மாணவர் கேட்டிருந்தார், காவுஸ், ஆய்லர் மாதிரி ஆட்கள் இருக்கும்போது என்னைப் போன்ற சாதாரண ஆள் கணிதத்துக்கு என்ன கொடுக்க முடியும் என்று. தர்ஸ்டன் உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார். ஃபீல்ட்ஸ் வாங்கிய மனுஷன், அறுபது தாண்டிய வயதில், பேர் தெரியாத ஒருவருக்கு. கணிதம் புத்தகத்தில் உயிரோடு இருப்பதில்லை, புரிந்துகொண்டு மற்றவருக்குச் சொல்கிற ஆட்களிடம்தான் இருக்கிறது, புதுத் தேற்றம் மட்டுமே பங்களிப்பு இல்லை என்கிற மாதிரி போகும். தன் சுயகுறிப்பிலும், தன் யோசனை குழம்பிக் கிடக்கிறது என்று தனக்குள்ளாவது ஒத்துக்கொள்ள முடிகிறபோதுதான் சந்தோஷம் என்று எழுதியிருந்தார். நான் அழவில்லை, மூக்கில் ஜலதோஷம்.

குறுக்குச்சால்:
தம்பி, விடாதே. அந்த இரண்டு வருஷம் போட்ட தப்பு வழியை எங்கேயாவது எழுதி வை, அடுத்தவன் அதில் விழாமல் இருப்பான். என் கட்சி அதுதான், எழுதி வை.

ஓய்வு_வாத்தியார்:
1982 கட்டுரையின் கடைசியில் 24 கேள்விகளைப் பட்டியல் போட்டிருந்தார். அதில் ஒன்று இப்படி: எந்த ஹைப்பர்போலிக் வெளியும், அதன் பல மடிப்பு உறை ஒன்றுக்குப் போனால் (அதே வெளியைச் சில அடுக்காக விரித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்), ஒரு பரப்பை வட்டமாகச் சுற்றிக் கொண்டுவந்து ஒட்டினதுபோல் ஆகிவிடுமா? கேள்வியே சந்தேகத்துக்குரியதாகத் தோன்றும், ஆனாலும் ஆம் என்று வர வாய்ப்பு இருக்கிறது என்று பக்கத்திலேயே எழுதிவைத்தார். முப்பது வருஷம் கிடந்தது. 2012 மார்ச்சில் இயன் அகோல், டேனி வைஸ் கட்டிவைத்திருந்த அடித்தளத்தின் மீது ஏறி, ஆம் என்று நிரூபித்தார். காஹ்னும் மார்கோவிச்சும் செய்ததும் அதில் இருக்கிறது. இவர்களில் யாரும் தர்ஸ்டனின் நேரடி மாணவர் இல்லை. அப்போது தர்ஸ்டனுக்கு மெலனோமா என்ற புற்றுநோய் முற்றியிருந்தது. அந்த ஆகஸ்ட் 21இல் நியூயார்க் மாநிலம் ரோசெஸ்டரில் காலமானார், 65 வயது.

குறுக்குச்சால்:
24 கேள்வியையும் எழுதித்தானே வைத்தார். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை, சரி.

மண்சாலை_77:
சைக்கிள் விடை. பின்சக்கரம் எப்போதும் முன்சக்கரத்தைப் பார்த்துத்தான் இருக்கும், நடுவில் இருக்கும் இரும்பு நீளம் மாறாது. அதனால் பின்சக்கரத் தடத்தில் எந்த இடத்தில் தொடுகோடு போட்டாலும், போன பக்கமாக, அதே நீளத்தில் முன்சக்கரத் தடத்தை வெட்ட வேண்டும். எதிர்ப்பக்கமாகப் போட்டால் நீளம் இடத்துக்கு இடம் மாறும். அதிகமாக வளைந்து நெளிவது முன்சக்கரத் தடம். இன்று காலை ஏழு மணிக்கு ஓட்டி, வீட்டில் இருந்த டேப்பை வைத்து மூன்று இடத்தில் அளந்தேன், மூன்றிலும் ஏறக்குறைய நாற்பத்து இரண்டு அங்குலம். நாலாவது இடத்தை அளக்கக் குனிந்தபோது பால்காரர் அதன் மேலேயே வண்டியை விட்டுவிட்டுப் போய்விட்டார், அவர் எந்தப் பக்கம் போனார் என்பதற்குத் தொடுகோடு தேவைப்படவில்லை.

பாபின்_நூல்:
அந்த ஏழு முக்கோணத் துணி ஐந்து சுற்று முடிந்தது. மகன் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரிகிறான். ஆறாவது சுற்றுக்கு எத்தனை துண்டு வேண்டும் என்று மூணாவது வருஷத் தம்பி கணக்குப் போட்டுச் சொன்னால் மொத்தமாக வெட்டி வைத்துக்கொள்வேன், ஒவ்வொரு சுற்றுக்கும் நான் நினைத்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறது.